பழைய பிக்கப்பும் நான்கு ப்ளக்குகளும்

பிக்கப்புக்கு ப்ளக் மாற்ற வேண்டும் என்று கொழும்பில் ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது "பெற்றோலா, டீசலா?" என்பதே. நம் வீதிகளில் ஓடும் டபுள் கெப்களில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். அவற்றில் ஸ்பார்க் ப்ளக் என்று ஒன்று கிடையாது. டீசல் இஞ்சின் காற்றை மட்டும் உள்ளிழுத்து, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக இறுக்குகிறது. அந்த இறுக்கத்திலேயே காற்று 500 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறிவிடும். அதற்குள் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் எடுக்க உதவும் ஹீட்டர் ப்ளக் வேறு சாமான். அது சூடாகும், பொறி விடாது.

பொறி கேட்பது பெற்றோல் வண்டி. சுசுக்கி கெரி போன்ற சின்ன வண்டிகளும், பழைய டட்சன் 1200 பிக்கப்பும் அந்த இனம். கொட்டாஞ்சேனையில் சாமான் ஏற்றி வெள்ளவத்தைக் கடைவாசலில் இறக்கும் வேலைக்கு இவை போதும். டட்சன் 1200இன் பொனெற்றைத் திறந்தால் 1,171 சீசீ இஞ்சினின் ஹெட்டில், பக்கவாட்டாக, கைக்கு எட்டும் இடத்தில் நான்கு ப்ளக்குகளும் வரிசையாக நிற்கும். வீட்டில் வைத்துப் பழக இதைவிட வசதியான இஞ்சின் கிடைப்பது அரிது. கெரியில் இஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருக்கும். ஆசனத்தைத் தூக்கிவிட்டுக் குனிந்து வேலை செய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட வண்டிகளைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியை ஓட வைத்தவர்களால்தான் பல சிறு வியாபாரங்கள் ஓடின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் ஷெட் வாசலில் நாட்கணக்கில் நின்றோம். கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கினோம். தேய்ந்த ப்ளக் பொறி தவறும் ஒவ்வொரு முறையும், அப்படி வாங்கிய பெற்றோலில் ஒரு துளி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போகிறது.

பொறி ஏன் தவறுகிறது என்பதற்கு, அது எப்படிப் பாய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ப்ளக்கின் நுனியில் இரண்டு மின்வாய்கள். நடுவில் ஒரு சின்னக் கம்பி; அதன் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் இன்னொன்று. இடையே 0.8 மில்லிமீற்றர் வெளி, அதாவது வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு. சாதாரணக் காற்றில் 1 மில்லிமீற்றரைப் பொறி தாண்டுவதற்கு 3,000 வோல்ட் அளவில் போதும். சிலிண்டருக்குள் நிலைமை வேறு. பெற்றோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையை பிஸ்டன் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கிப் பிடித்திருக்கும் தருணம் அது. மூலக்கூறுகள் நெருங்கி நிற்பதால், புறப்படும் இலத்திரன் வேகம் பிடிப்பதற்குள் ஏதாவதொன்றில் மோதிவிடுகிறது. மோதிய இடத்தில் இன்னோர் இலத்திரனைப் பெயர்த்தெடுக்கும் சக்தி அதற்குச் சேர்ந்திருந்தால்தான் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, வாயுவே மின்கடத்தியாக மாறும். நெரிசலுக்குள் அந்தச் சக்தியைச் சேர்த்துக் கொடுக்க ஒரே வழி வோல்ற்றளவைக் கூட்டுவது. அமுக்கத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வரும் தொகையைப் பொறுத்தே பொறி பாயும் வோல்ற்றளவு அமையும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் பிரீட்ரிக் பாஷன் 1889இல் காட்டினார். ஓடும் இஞ்சினுக்குள் அது 10,000 முதல் 20,000 வோல்ட் வரை போகும். தேய்ந்த ப்ளக்குக்கு இன்னும் கூட.

பற்றரியிடம் இருப்பதோ 12 வோல்ட். மீதியைக் கொடுப்பது கொயில். ஓர் இரும்புக் கருவைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் சில நூறு சுற்று, மற்றதில் அதைப்போல நூறு மடங்கு அளவில். முதற்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டினால், அது எழுப்பி வைத்திருந்த காந்தப்புலம் சட்டென்று சரியும். சரியும் வேகத்தில் முதற்சுருளிலேயே சில நூறு வோல்ட் எழும்பி, இரண்டாம் சுருளில் அதுவே ஆயிரங்களாகப் பெருகுகிறது. சார்ள்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1910 அளவில் கார்களுக்காக ஒழுங்குபடுத்திய முறை இது. பழைய டட்சனில் அந்த வெட்டும் வேலையை டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட் செய்கிறது. புதிய வண்டிகளில் ஒரு திரான்சிஸ்டர்.

இவ்வளவு வோல்ட்டை நுனிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசான காரியமில்லை. உருக்கு உடலுக்கும் நடுக்கம்பிக்கும் இடையே சில மில்லிமீற்றர்தான். மின்சாரம் எங்கே சுலபமோ அங்கே பாயும். நுனியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதைத் தடுத்து நிற்பது அந்த வெள்ளைக் காவலி. நாம் பீங்கான் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆரம்ப காலத்தில் உண்மையாகவே பீங்கானும் மைக்காவும்தான் இருந்தன. சூடு ஏற ஏற பீங்கான் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். திடீர்ச் சூட்டில் வெடிக்கும். 1930களில் ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனம் வேறொரு பொருளைக் கொண்டுவந்தது: அலுமினியம் ஒட்சைட்டுத் தூளை அச்சில் அழுத்தி, 1,600 பாகை அளவில் சுட்டெடுத்த காவலி. இன்றைய ப்ளக்குகளின் காவலியில் ஏறத்தாழ 95 வீதம் அதுதான்.

இரத்தினபுரிக் குழிகளில் கிடைக்கும் நீலக்கல்லும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். கொஞ்சம் இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம்; குரோமியம் கலந்தால் சிவப்பு மாணிக்கம். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒற்றைப் பளிங்காக வளர்ந்த அதே பொருள், ப்ளக்கில் எண்ணற்ற நுண் துணுக்குகள் ஒட்டிய வெள்ளைக் குழாயாக இருக்கிறது. கடினம், உருகாத தன்மை, மின்சாரத்துக்கு வழிவிடாத பிடிவாதம் மூன்றும் இரண்டுக்கும் பொது. இன்னொரு தொடர்பும் உண்டு. ஜப்பானில் நொரிடாக்கே பீங்கான் நிறுவனத்திலிருந்து 1919இல் மின்காவலி செய்வதற்காகவே ஒரு கிளை பிரிந்தது. அதிலிருந்து 1936இல் நகோயாவில் ப்ளக் செய்யும் என்ஜிகே தோன்றியது. மாத்தளையில் தொழிற்சாலை வைத்து நம் மேசைக்குக் கோப்பை செய்து தரும் நொரிடாக்கே அந்தக் குடும்பத்தின் தாய்வீடு.

காவலியின் வெளிப்பக்கத்தில் வளையம் வளையமாகச் சில மேடுகள் தெரியும். உள்ளே நுனியைத் தாண்ட முடியாத மின்சாரம் வெளியே மேற்பரப்பில் ஊர்ந்து உருக்கு உடலுக்குத் தப்பிப் போகப் பார்க்கும். அது ஊரும் தூரத்தை அந்த மேடுகள் கூட்டுகின்றன. வெள்ளவத்தைக்காரருக்கு இது முக்கியம். மரைன் டிரைவை ஒட்டிய ஒழுங்கைகளில் இரவு முழுக்க வெளியே நிற்கும் வண்டியில் உப்புப் படலம் படியும். விடியற்காலை ஈரத்தில் அந்த உப்பு கரைந்து மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். மழைக்காலத்தில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கும் பழைய வண்டிகளில் பலவற்றுக்கு ப்ளக்கின் வெளிப்பீங்கானையும் வயரின் ரப்பர் தொப்பியையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டாலே உயிர் வந்துவிடும். புதிய ப்ளக்கைப் பூட்டும்போது விரல் எண்ணெய் அந்த வெள்ளையில் படாமல் பார்ப்பதும் இதற்காகத்தான்.

அடுத்தது சூடு. எரியும் வாயு 2,000 பாகையைத் தாண்டும். அதற்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ப்ளக் ஒரு குறுகிய எல்லைக்குள் வாழ வேண்டும். நுனி 450 பாகைக்குக் கீழே இருந்தால் அதில் படியும் காபன் எரிந்து போகாது. காபன் மின்கடத்தி, வெள்ளைக் காவலியின் மேல் கறுப்புப் பாதை விழுந்ததும் மின்சாரம் பொறியாகப் பாயாமல் அதன் வழியே இறங்கிவிடும். மறுபக்கம், நுனி 900 பாகையைத் தாண்டினால் பொறிக்குக் காத்திராமல் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிப்பு அதைக் கீழே தள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழுந்த கதைகள் பல அங்கே தொடங்கியவை. இந்த இரண்டுக்கும் நடுவே நுனியை நிறுத்துவதற்காகத்தான் காவலியின் மூக்கு நீளம் மாறுகிறது. மூக்கு நீண்டால் வெப்பம் ஹெட்டுக்குப் போய்ச் சேரத் தூரம் கூட. அது சூடான ப்ளக். மூக்கு கட்டையென்றால் குளிர்ந்த ப்ளக்.

இதைப் பெட்டியில் உள்ள இலக்கமே சொல்லும். டட்சன் 1200க்குப் பொதுவாகப் போடுவது என்ஜிகே பிபி5ஈஎஸ். பி என்றால் 14 மில்லிமீற்றர் மரை; அடுத்த பி, காவலி மூக்கு வெளியே நீண்டிருப்பதைக் குறிக்கும்; 5 வெப்ப எண்; ஈ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீற்றர். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் குளிர்ந்த ப்ளக். பொஷ்ஷில் நேரெதிர், எண் கூடினால் சூடு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் "அது இல்லை, இது போட்டாலும் ஓடும்" என்று வேறு கம்பனிப் பெட்டியை நீட்டும்போது இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். காலி வீதி நெரிசலில் முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக நகரும் வண்டியின் ப்ளக் நுனி சூடேறவே நேரம் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்குக் குளிர்ந்த ப்ளக்கைப் போட்டால் சில வாரங்களில் கறுத்துவிடும்.

சில பெட்டிகளில் ஆர் என்ற எழுத்தும் இருக்கும். அந்தப் ப்ளக்கின் வயிற்றுக்குள் 5,000 ஓம் அளவில் ஒரு தடை உண்டு. ஒவ்வொரு பொறியும் ஒரு வானொலி அலையை எழுப்புகிறது. ஹைன்ரிக் ஹேர்ட்ஸ் 1880களின் பிற்பகுதியில் வானொலி அலையைக் கண்டுபிடித்ததே பொறி இடைவெளி ஒன்றை வைத்துத்தான். மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மோட்டார் சைக்கிள் வாசலைக் கடக்கும்போது பாட்டுக்குள் வரும் கரகரப்பு ஞாபகம் இருக்கும். அதை அடக்குவது இந்தத் தடை. கணினி பொருத்திய புதிய வண்டியில் ஆர் இல்லாத ப்ளக்கைப் போடவே கூடாது.

இனி கையை வைக்கலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கீழே உள்ள தரிப்பிடமோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் ஓரமோ போதும்; அருகில் நெருப்பு, சிகரெட் எதுவும் இருக்கக்கூடாது. "சூட்டோட கழட்ட வேணாம் அண்ணே, ஆறட்டும்" என்று எந்த கராஜ் பாஸும் சொல்வார். ஹெட் அலுமினியம், ப்ளக்கின் உடல் உருக்கு. சூடான அலுமினியம் மென்மையானது; உருக்கு மரை அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும் ஆபத்துக் கூடும். ஹெட்டில் மரை போனால் செலவு ப்ளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. ஆகவே முதல்நாள் இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வேலை செய்வதே சரி.

வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் எது எங்கே என்று குழம்பும். டட்சன் 1200 இஞ்சின் பற்றும் ஒழுங்கு 1-3-4-2, மாறிப் போட்டால் ஓடாது. வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். தொப்பியைப் பிடித்துச் சற்றே முறுக்கி எடுத்தால் உள்ளே இருக்கும் காபன் நார் அறாது. ப்ளக்கைச் சுற்றியுள்ள குழியில் தூசும் மணலும் கிடக்கும். ஒரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, சைக்கிள் பம்பால் நன்றாக ஊதிய பிறகு முழுவதும் கழற்றுங்கள். ஒரு மணல் துணிக்கை உள்ளே விழுந்தாலும் அது சிலிண்டர் சுவரைக் கீறிக்கொண்டே இருக்கும்.

சொக்கெட் 21 மில்லிமீற்றர் ஆழமானது, உள்ளே ரப்பர் வளையம் உள்ளதாக இருக்கட்டும். ப்ளக் அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். உருக்கும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன மின்கலம். அதில் கரைவது அலுமினியம். கடலோர வண்டிகளில் மரையைச் சுற்றி வெள்ளைத் தூளாகத் தெரிவது அப்படிக் கரைந்த அலுமினியமே. ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் காத்திருந்து, கால் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் கால் சுற்று இறுக்கி, முன்னும் பின்னுமாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கழற்றிய ப்ளக்குகளை 1, 2, 3, 4 என்று வரிசை மாறாமல் ஒரு கடதாசியில் அடுக்குங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இது. இஞ்சினின் பாகங்களில் நெருப்புக்குள்ளேயே இருந்துவிட்டு இவ்வளவு சுலபமாக வெளியே வந்து நடந்ததைச் சொல்லக்கூடியது ப்ளக் ஒன்றுதான். காவலியின் மூக்கு வெளிர்ந்த பழுப்பாக, பாற்தேநீர் நிறத்துக்குக் கிட்டவாக இருந்தால் தகனம் சரி. உலர்ந்த கறுப்புப் புகைக்கரி என்றால் பெற்றோல் கூடவும் காற்றுக் குறையவும் போகிறது. அடைத்த எயார் பில்டர், முழுதும் திறக்காத சோக், காபரேட்டர் மிதவை, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கறுப்பு ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்து ஒயில் மேலே வருகிறது. புது ப்ளக் அதை மாற்றாது. மூக்கு வெளுத்து, சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் அளவுக்கு மீறிய சூடு: பொறி முந்திப் பாய்கிறது, அல்லது கலவையில் பெற்றோல் போதவில்லை, அல்லது ப்ளக் இறுகப் பூட்டப்படாமல் இருந்திருக்கிறது.

தனித்தனியே பார்ப்பதைவிட நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் அதிகம். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில், அதாவது காபரேட்டர் பக்கம். மூன்று பழுப்பாக இருந்து மூன்றாம் இலக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில், அல்லது அதற்குப் போகும் வயரில். கராஜுக்குப் போகும்போது இந்த ஒரு தகவலைக் கையில் வைத்திருப்பவருக்குத் தேவையில்லாத வேலைகளுக்குக் காசு போகாது.

நடு மின்வாயின் முனையையும் உற்றுப் பாருங்கள். புதிதில் அது தட்டையாக வெட்டிய உருளை, விளிம்பு கூர். மின்புலம் கூர்மையில்தான் செறியும், இலத்திரன்கள் அங்கிருந்துதான் எளிதில் புறப்படும். வண்டி 50 கிலோமீற்றர் வேகத்தில், இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் போனால், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் ஒவ்வொரு ப்ளக்கும் கிலோமீற்றருக்கு 1,200 முறை பொறி விடும். 20,000 கிலோமீற்றரில் அது 2 கோடியே 40 இலட்சம். ஒவ்வொன்றும் உலோகத்தில் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போக, விளிம்பு மழுங்கி, இடைவெளி அகலுகிறது. தேவைப்படும் வோல்ற்றளவு ஏறிக்கொண்டே போய், ஒருநாள் சுமையோடு மேட்டில் ஏறும்போது கொயிலால் கொடுக்க முடியாத அளவைத் தொட்டுவிடும். சமதரையில் நன்றாக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் திணறுவது இதனால்தான்: அக்சிலேட்டரை அழுத்தும்போது உள்ளே கலவை கூடி, அமுக்கம் கூடுகிறது.

கம்பித் தூரிகையால் பழைய ப்ளக்கைத் தேய்த்து மீண்டும் போடும் வழக்கம் நம் ஊரில் நிறைய. தூரிகையின் உலோகம் காவலியின் மேல் கோடாகப் படிந்து புதிய கசிவுப் பாதையைப் போடும். மழுங்கிய விளிம்பும் அதனால் திரும்பாது. புதிதாக வாங்குவதே சிக்கனம். பழைய காபரேட்டர் இஞ்சினுக்கு இரிடியம் தேவையில்லை என்பது என் கருத்து. இரிடியம் 2,446 பாகையில்தான் உருகும், நிக்கல் 1,455இல். தேய்மானம் குறைவு என்பது உண்மை. ஆனால் இந்த வண்டிகளில் ப்ளக் தேய்வதற்கு முன் கரி பிடித்துவிடுகிறது. அந்தக் காசுக்கு நிக்கல் ப்ளக்கை நேரத்துக்கு மாற்றலாம். விலையுயர்ந்த ப்ளக்குகளைத்தான் போலி செய்பவர்களும் தேடிப் பிடிக்கிறார்கள்.

புதிய ப்ளக்கின் இடைவெளியை பீலர் கேஜால் அளந்து பாருங்கள். திருத்த வேண்டுமானால் வளைந்த வெளி மின்வாயை மட்டும் மெல்ல அசைக்கலாம். நடு மின்வாயை நெம்பினால் காவலி விரியும். கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்த ப்ளக்கைப் போடவே வேண்டாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும்.

பூட்டும்போது ஸ்பனருக்கு முன் விரல். ப்ளக்கின் தலையில் ஒரு துண்டுப் பெற்றோல் ரப்பர் குழாயைச் செருகி, குழாயைத் திருகியே மரையில் ஏற்றலாம். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், அலுமினியம் தப்பிக்கும். விரலுக்கு இறுகி நின்றதும், புதிய வொஷர் என்றால் ஸ்பனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. கழற்றிய அதே ப்ளக்கைத் திரும்பப் போடுவதானால் வொஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கே போதும். வெடிப்பின் உச்சத்தில் 50 வளிமண்டல அமுக்கம் இருந்தால், 14 மில்லிமீற்றர் ப்ளக்கை வெளியே தள்ளும் விசை 75 கிலோ எடைக்கு மேல். தளர்ந்த ப்ளக் அதைத் தாங்காது. அதோடு ப்ளக்கின் வெப்பத்தில் பெரும்பகுதி மரை வழியாகவும் வொஷர் வழியாகவுமே ஹெட்டுக்கு இறங்குகிறது. தளர்ந்து நின்றால் அந்த வழி அடைபட்டு நுனி கொதிக்கும். அளவுக்கு மேல் இறுக்கினாலோ உடல் நீண்டு காவலியைப் பிடித்திருக்கும் இறுக்கம் விட்டுப்போகும், மரையும் போகும்.

தொப்பியை உள்ளே 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ஸ்டார்ட் எடுத்து, சும்மா நிற்கும்போது இஞ்சின் சீராக ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடும் இஞ்சினில் எந்த வயரையும் கையால் தொட வேண்டாம். இன்னும் ஒரு சிலிண்டர் தவறுவதுபோலிருந்தால், இருட்டிய பிறகு பொனெற்றைத் திறந்துவைத்து எட்ட நின்று பாருங்கள். எந்த வயரிலிருந்து ஹெட்டை நோக்கி நீலப்பொறி தாவுகிறதோ, அடுத்து மாற்ற வேண்டியது அந்த வயர்.